வாய்பிளந்தானின் நாக்கு

1945 ஜனவரி 4, வியாழன்

இன்று எங்கள் மருந்துக்கடைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் சோப்பு கேட்டார்கள். எட்டுப் பேரையும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பதாவதாக வந்த கிழவர் ஒன்றும் கேட்கவில்லை, குளிருக்கு ஒதுங்க வந்தாராம். "இங்கயும் வெளியில மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அலமாரியில் மிச்சமிருப்பதை எழுதி வைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர் பாரெண்ட். எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? சுண்ணக்கட்டித் தூள். கொஞ்சம் கற்பூரம். இருமலுக்குக் கொடுக்கும் தைம் இலை அரை டப்பா. வர்ணப் பொடிகள் நாலைந்து. கட்டிகளுக்குப் பற்றுப் போட வைத்திருந்த ஆளிவிதை மாவை டிசம்பரிலேயே நாங்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டோம். இந்த லைடன் ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் தானாகப் பழுத்து உடையட்டும்.

ஏணியைப் போன வாரம் எரித்தோம். எட்டுப் படி, நாலு நாள் தாங்கியது.

ஜனவரி 7, ஞாயிறு

குடத்துத் தண்ணீர் உறைந்துவிட்டது. அடுப்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் தகர டப்பாவில் இன்று ஒரு நாற்காலிக் கால். இன்னும் மூன்று கால் இருக்கிறது, அப்புறம் முதுகு.

மாதாகோயிலிலிருந்து வரும்போது வாசலில் நின்று எங்கள் வாய்பிளந்தானை அண்ணாந்து பார்த்தேன். மூட்டை அளவுக்கு ஒரு மரத்தலை. தலைப்பாகை, பெரிய கண்கள், இடது காதில் சிவப்புக் கம்மல், திறந்த வாய், நீட்டிய நாக்கு, நாக்கின் மேல் வெள்ளையாக ஒரு மாத்திரை. படிக்கத் தெரியாதவனுக்கும் இங்கே மருந்து விற்கிறது என்று புரியட்டும் என அந்தக் காலத்தில் மாட்டியது. பாரெண்டின் தாத்தா மாட்டினார். போட்டி மருந்துக்கடைக்காரர் ஃபான் டியூரன் கடையில் தூங்கும் தொப்பி போட்ட நோயாளித் தலை. பச்சை முகம், பார்த்தாலே வாந்தி வரும். எங்களுடையதுதான் அழகு. இதைச் சொல்ல எனக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது, கல்யாணமாகி வந்த புதிதில் அதற்குப் பயந்து பின்வாசல் வழியாகத்தான் போய்வருவேன்.

"அதை எரிச்சா ஒரு வாரம் தாங்கும்" என்றேன். பாதி விளையாட்டாக.

"அது தாங்கும். நாம தாங்க மாட்டோம்" என்றார் பாரெண்ட்.

எனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின வாரம் தலைக்குப் புது வர்ணம். தாத்தா பூசினார், அப்பா பூசினார், இவர் பூசுகிறார். மற்ற கடைக்காரர்கள் செங்காவி பூசிச் சமாளிப்பார்கள். எங்கள் வெர்ஸ்கோர் குடும்பத்துக்கு அது கௌரவக் குறைச்சல். நாக்குக்கும் உதட்டுக்கும் கம்மலுக்கும் அசல் ஜாதிலிங்கம், பாதரசம் கலந்த சிவப்புக் கல், கடையிலேயே அரைத்தது. முகத்துக்கு அடிப்பூச்சு ஈய வெள்ளை. எண்பது வருஷத்துப் பூச்சு, ஒன்றின் மேல் ஒன்று. நாக்கில் நகத்தை அழுத்தினால் மரம் தட்டுப்படாது.

"ஜாதிலிங்கத்தை நெருப்புல போட்டா பாதரசம் பிரிஞ்சு புகையா வரும். மூடின ரூம்ல பெரியவங்க ரெண்டு மூணு நாள் தாக்குப்பிடிக்கலாம். குழந்தைன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"அப்ப உள்ளயாவது எடுத்து வைங்க. ஊர்ல கதவையே கழட்டிட்டுப் போறாங்க."

"தலையை இறக்கினா கடையை மூடிட்டோம்னு அர்த்தம்."

"கடையில என்ன இருக்குன்னு திறந்து வெச்சிருக்கோம்?"

"நான் இருக்கேன்" என்றார். "அதோட, ஏணி எங்க இருக்கு?"

அதுதான். இறக்க நினைத்தாலும் இறக்க முடியாது. புத்திசாலிகள் நாங்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

வாய்க்கால் பாலத்தின் மரக் கைப்பிடியைக் காணோம். நேற்று அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

ஜனவரி 13, சனி

போய்விட்டது.

காலையில் பலகை திறக்கப் போன பாரெண்ட் திரும்பி வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் தெரு நடுவில் பனியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், வாயைத் திறந்தபடி. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நல்லவேளை, வரவில்லை.

இரும்புக் கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. உடைக்கவில்லை, இழுக்கவில்லை. பதமாகக் கழற்றியிருக்கிறார்கள். தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஃபான் டியூரன் துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நான் நவம்பர்லயே உள்ள எடுத்துட்டேன், வெர்ஸ்கோர். இப்ப என் கட்டிலுக்கு அடியில தூங்குது."

"அப்ப உன் கடை நவம்பர்லயே மூடியாச்சு" என்றார் பாரெண்ட். இருபது வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இன்று ஃபான் டியூரன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏணி வைத்திருக்கிற வீடு இந்தத் தெருவில் ஒன்று கூட இல்லை. ஏணி இல்லாமல் அந்தக் கொக்கியை எட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, பக்கத்து வீட்டு மாடி ஜன்னல். நேலின் ஜன்னல். துணி காயப்போடும் கழி கூட அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நேலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே வந்து நின்றாள். நவம்பரில் அவள் புருஷன் ஆரியை ஜெர்மன்காரர்கள் வேலைக்கென்று பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவளும் ஐந்து வயது ஃபீனும் மட்டும்தான். "இதைப் போய் யாரு எடுப்பாங்க, கடைக்காரம்மா?" என்றாள்.

ஜன்னல் விஷயத்தை பாரெண்டிடம் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூடப் பிடிக்கவில்லை. திருடன் கையில் கிடைத்தால் எலும்பை எண்ணிவிடுவேன் என்று அவர் தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்.

ஜனவரி 14, ஞாயிறு

நேற்று முழுக்கத் தலை போனதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பிரசங்கத்தின் நடுவில், எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். எங்கே போகும்? அடுப்புக்குத்தான். யாரோ ஒரு வீட்டில், ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்த ஒரே அறையில், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு — கடவுளே.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாரெண்ட் ஓர் அறிவிப்பு எழுதினார். "எங்கள் கடைத் தலையை எடுத்தவர் உடனே திருப்பித் தரவும். அதன் வர்ணம் விஷம். எரிக்கக் கூடாது." அவ்வளவுதான். எனக்குப் போதவில்லை. எடுத்தவன் திருப்பித் தரவே மாட்டான், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவான்? எரிக்காதே என்றால் மட்டும் கேட்பானா, குளிரில்?

அவர் போர்வைக்குள் தூங்கியதும் அதன் கீழே நான் எழுதினேன்: "திருப்பித் தர முடியாவிட்டால், வர்ணம் உள்ள இடத்தை எல்லாம் கட்டைவிரல் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டியதை எரிக்காதீர்கள். குழந்தைகள் தொடாமல் தனியாக வையுங்கள். உள்மரம் நல்ல மரம், எரிக்கலாம். யார் என்று கேட்க மாட்டோம்."

மத்தியானம் மூன்று மணிக்குக் கடை ஜன்னலில் ஒட்டினேன். எண்பது வருஷத்துத் தலையை நாலு வரியில் தானம் செய்துவிட்டேன். யாருடையதை யார் கொடுப்பது?

ஜனவரி 15, திங்கள்

காலையில் பலகை திறக்கும்போதே பார்த்துவிட்டார். கிழித்துக் கசக்கிவிட்டார்.

"திருடனுக்குச் சமையல் குறிப்பா எழுதிக் குடுக்கற?"

"அந்த வீட்டுல குழந்தை இருந்தா?"

"குழந்தை இருக்கறவன் விஷம்னு படிச்சதும் திருப்பிக் குடுப்பான். நீ எரிக்க வழி சொல்லிக் குடுத்தா எதுக்குத் திருப்பித் தரப்போறான்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பது மாதிரித்தான் தோன்றியது. அதுதான் கஷ்டமே. வேறு தாளில் தன் மூன்று வரியை மட்டும் எழுதி ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வரிகள் நேற்று மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை இருந்தன. இரண்டு மணி நேரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஈ காக்கை இல்லை.

மத்தியானம் புது அறிவிப்பின் கீழே யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: "சூடாக இருந்தால் விஷமும் ஒரு கிலோ கொடுங்கள்."

ஜனவரி 17, புதன்

கஞ்சித்தொட்டி வரிசையில் ஒன்றரை மணி நேரம். பாத்திரத்தை வைத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நின்ற எல்லாரிடமும் சொன்னேன். தலையை எடுத்தவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், வர்ணத்தை வெட்டிவிட்டு எரிக்கச் சொல்லுங்கள், எங்களுக்குத் திருப்பி வேண்டாம்.

"திருப்பி வேண்டாமாம். உன் வீட்டுக்காரர் ஜன்னல்ல வேற மாதிரில்ல எழுதியிருக்காரு?" என்றாள் மீன்காரன் பெண்டாட்டி.

"அவர் எழுதினது அவர் எழுதினது. நான் சொல்றதைக் கேளுங்க."

"முதல்ல வீட்டுல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

வரிசையே சிரித்தது. இந்தக் குளிர்காலத்தில் இவ்வளவு பேர் சேர்ந்து சிரித்து நான் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், "விஷம்னா மூணு தலைமுறையா எதுக்கு வாசல்ல தொங்க விட்டீங்க? அதுக்குக் கீழ நின்னுதானே எங்களுக்கு இருமல் மருந்து வித்தீங்க?"

பதில் இருந்தது. தொங்கினால் விஷமில்லை, எரிந்தால்தான் விஷம். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

கஞ்சியில் சர்க்கரை பீட் தோல் மிதந்தது.

ஜனவரி 20, சனி

எல்லா வீட்டிலும் மரம் வெட்டும் சத்தம். மாடிப்படிக் கைப்பிடி, கதவு, நிலை, பியானோ. அந்தப் பக்கச் சுவரில் காதை வைத்தால் நேல் வீட்டிலும் கேட்கிறது. எதிர் வீட்டிலும் கேட்கிறது. எங்கள் வீட்டிலும்தான், பாரெண்ட் நாற்காலி முதுகைப் பிளக்கிறார். இதில் எங்கள் தலை எந்தச் சத்தம்?

சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

நேல் கடைக்கு வந்தாள். ஃபீனுக்கு மூன்று நாளாக இருமலாம். ஃபீன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கன்னமெல்லாம் ஒட்டிப்போய். சாதாரணமாக உள்ளே நுழைந்ததும், "வாய்பிளந்தானுக்கு இன்னைக்கு என்ன உடம்பு?" என்று கேட்பாள், நானும் தினம் ஒரு வியாதி சொல்வேன். யானைக்கு வரும் தலைவலி, ராஜாக்களுக்கு மட்டும் வரும் விக்கல். இன்று கேட்கவில்லை.

"ஃபீன், நாக்கை நீட்டு பாப்போம்" என்றேன்.

நீட்டினாள். எச்சில் வழிந்தது. ஈறெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

பாதரசம் என்றால் இப்படித்தான் இருக்கும், புத்தகத்தில் இருக்கிறது. எச்சில், ஈறு, இருமல். பசி என்றாலும் இப்படித்தான் இருக்கும். நேற்று கண்ணாடியில் பார்த்தேன், என் ஈறிலும் ரத்தம்.

தைம் இலை மடித்துக் கொடுத்தேன், மொத்தத்தையும். "அடுப்புல என்ன எரிக்கற, நேல்?" என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள், "ராத்திரிக்குக் கொஞ்சம் சூடு இருக்கு, அதுவரைக்கும் பரவாயில்ல."

எதிலிருந்து சூடு? மேலே நாற்காலி கூடக் கிடையாது அவளிடம்.

ஜனவரி 27, சனி

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கொஞ்சம் கற்பூரம் எடுத்துக்கொண்டு நேலின் மாடிக்குப் போனேன். ஃபீன் அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்தாள், மூச்சு விசில் மாதிரி. அறை எங்கள் அறையை விடச் சூடாக இருந்தது. தகர டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். சாம்பலும் கங்கும்தான். சாம்பலில் முகமா தெரியும்?

"நேல், உண்மையைச் சொல்லு. எங்க தலையையா எரிக்கற? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது விஷம், நேல். குழந்தைக்கு விஷம்."

நேல் எழுந்து நின்றாள்.

"ஆரி இருந்தா இப்படி என் வீட்டுக்குள்ள வந்து கேப்பீங்களா?"

"நான் திருட்டைப் பத்திக் கேக்கல—"

"நாங்க எடுக்கல. போங்க."

"நேல்—"

"புள்ள முழிச்சுட்டிருக்கா. போங்க, கடைக்காரம்மா."

திரும்பினேன். ஃபீன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்பூரத்தைக் கொடுக்கவே மறந்துவிட்டேன். கையிலேயே இருந்தது, வீடு வரும் வரை.

ஜனவரி 28, ஞாயிறு

கற்பூரத்தை நேலின் படியில் வைத்தேன். சாயங்காலமும் அங்கேயே இருந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

டாக்டர் நேல் வீட்டிலிருந்து இறங்கும்போது தெருவில் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் சக்கரத்தில் டயர் இல்லை, கயிறு சுற்றி வைத்திருக்கிறார். பாதரசப் புகையாக இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை, களைப்புதான்.

"இருக்கலாம். நிமோனியாவா இருக்கலாம். வெறும் பசியா இருக்கலாம். இந்த ஊர்ல எந்தக் குழந்தை வாயைத் திறந்தாலும் ஈறு அப்படித்தான் இருக்கு. எதுவா இருந்தாலும் என்கிட்ட மருந்து இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

இல்லை.

"அப்ப எதுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

பிப்ரவரி 2, வெள்ளி

ஃபீன் இன்று காலை ஏழு மணிக்கு இறந்துவிட்டாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஊரில் சவப்பெட்டிக்கு மரமில்லை. அடிப்பலகை திறந்துகொள்கிற வாடகைப் பெட்டிதான், குழிக்குள் போட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் பாரெண்ட் எழுந்து கடைக்குள் போனார். தாத்தா காலத்து அலமாரியின் நடுத்தட்டுகளைக் கழற்றினார், ஜாடிகளை எல்லாம் தரையில் வைத்துவிட்டு. நாங்கள் நாற்காலியை எரித்தபோதும் அந்தத் தட்டுகளைத் தொடவில்லை. நேற்று முழுக்கச் செய்தார். சின்னப் பெட்டிதான். சின்னதாக இருப்பதே தாங்க முடியவில்லை.

தட்டுகளின் ஓரத்தில் மருந்துப் பெயர்கள் எழுதியிருந்தன. இழைக்க இழைப்புளி இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றார்.

நேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும், தெரியவே வேண்டாம், தெரிய வேண்டும். நான் அன்று மூன்று மணிக்குப் பதிலாகக் காலையிலேயே ஒட்டியிருந்தால்? அவர் கிழித்தபோது கையைப் பிடித்துத் தடுத்திருந்தால்? மறுபடி எழுதி ஒட்டியிருந்தால்? எழுதத் தெரியாதவளா நான்? எதுக்குச் சும்மா நின்னேன்? அவர் கோவிச்சுப்பார்னா?

பாரெண்டிடம் ஜன்னலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இனிமேல் சொல்வதில் அர்த்தமும் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

நேல் என்னைக் கண்டால் வாய்க்காலின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறாள். இன்று பனியில் வழுக்கி விழப் பார்த்தாள், அப்படியும் இந்தப் பக்கம் வரவில்லை.

மார்ச் 3, சனி

உதவியாக வந்த ஸ்வீடன் மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி, ஆளுக்கு ஒன்று. கூடக் கொஞ்சம் மார்கரின். பாரெண்ட் ரொட்டியை மோந்து பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதல் வாய் இறங்கியது, இரண்டாவது இறங்கவில்லை. ஃபீனுக்கு ஒரு மாதத்தில் தப்பிவிட்டது. ஒரே ஒரு மாதம்.

ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு

போன வாரம் முழுக்க பாரெண்டுக்குக் கை ஓடவில்லை. இந்த நேரத்தில் அவர் கம்பளிச் சட்டையில் சிவப்பு ஒட்டியிருக்க வேண்டும். காலையில் வாசலில் நின்று கொக்கியைப் பார்த்தார்.

"அந்த மூணு வரியை எடுத்துடலாமா?" என்று கேட்டார். அறிவிப்பு இன்னும் ஜன்னலில்தான் இருந்தது, வெயிலில் மஞ்சளாகி. நானே கிழித்தேன்.

"நீ எழுதினதை நான் கிழிச்சிருக்கக் கூடாது, அலைடா" என்றார்.

பதினாலு வருஷத்தில் இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்தது, ஒன்றும் ஆகவில்லை. மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவர் மேல் போட்டு வைத்திருந்த பாதிப் பழியும் என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் 29, ஞாயிறு

விமானங்கள் கூரையைத் தொடுகிற உயரத்தில் வந்தன. குண்டு இல்லை, சாப்பாடு. ஊரே மொட்டைமாடியில். நேலின் ஜன்னல் சாத்தியிருந்தது.

மே 9, புதன்

முடிந்தது. கொடி, பாட்டு, டாங்கியின் மேல் பெண்கள். ஃபான் டியூரன் தன் பச்சைமுகத் தலையை மறுபடி மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பாரெண்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டு ஃபான் டியூரன்தான் பயந்துபோனார். "வெர்ஸ்கோருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைத் தனியாக விசாரித்தார்.

மே 28, திங்கள்

ஆரி திரும்பி வந்துவிட்டான். நடந்தே வந்தானாம், பாதி ஜெர்மனியை. தெருமுனையிலேயே யாரோ ஃபீன் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் போகாமல் எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். "பெட்டி நீங்க குடுத்ததாமே" என்றான். பாரெண்டைக் கூப்பிட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 12, செவ்வாய்

எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது. நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பாரெண்ட் சரக்கு விஷயமாக ஹேக் நகரத்துக்குப் போயிருந்தார். பத்து மணிக்குக் கடை மணி அடித்தது. நேல். தனியாக. வெளியே கைவண்டியில் மெத்தையும் பாத்திரங்களும் கட்டி வைத்து ஆரி நின்றுகொண்டிருந்தான்.

"ஆரியோட அம்மா வீட்டுக்குப் போறோம். இங்க இருக்க முடியல" என்றாள். நாலு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கையில் துணி மூட்டை. மேஜை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

சிவப்பாக இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் நாக்கைப் பார்த்தேன். நாக்கு, மேலே மாத்திரையோடு. அடியிலிருந்து அப்படியே செதுக்கி எடுத்தது. மேல் உதடு, கீழ் உதடு, தலைப்பாகையின் மடிப்புகள், மூக்கு, கன்னம் இரண்டு பாளமாக. ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம்.

"நீங்க எழுதினபடியே வெட்டினேன்" என்றாள் நேல். "வர்ணம் பட்ட ஒரு துண்டு கூடக் கீழ விழாம. உளிதான் இருந்துச்சு, ஆரியோடது. ரெண்டு நாள் ஆச்சு."

"நீ படிச்சியா? அது ரெண்டு மணி நேரம்தானே இருந்துச்சு?"

"மேல ஜன்னல்ல நின்னுட்டே இருந்தேன். நீங்க ஒட்டறதைப் பாத்தேன். நீங்க உள்ள போனதும் இறங்கி வந்து படிச்சேன், ரெண்டு தடவை. மறுநாள் அவர் கிழிச்சப்பவும் பாத்தேன்."

ஐந்து மாதம். சுவரில் வைத்த காது, கஞ்சித்தொட்டி, டாக்டரைத் தெருவில் பிடித்தது, எல்லாமே. அவள் படித்துவிட்டாள். முதல் நாளே.

"அன்னைக்குக் கேட்டேனே, நேல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நெனச்சேன். உங்க வீட்டுக்காரர் எலும்பை எண்ணுவேன்னு தெருவுல கத்தினது இருக்கட்டும், அதுக்கு நான் பயப்படல. நீங்க கேட்டது ஃபீன் காதுல விழுந்துடுச்சு. நீங்க போனதும் கேட்டா. 'அம்மா, நான் விஷம் குடிச்சுட்டேனா?'ன்னு. கடைசி நாள் வரைக்கும் கேட்டுட்டே இருந்தா. இல்லடி தங்கம்னு சொல்லிட்டே இருந்தேன். அந்தக் கோவம் எனக்கு. இப்ப கோவம் இல்ல. இருந்தா இதை எடுத்துட்டு வந்திருக்க மாட்டேன்."

மன்னிச்சிடு என்றேன்.

"ஒன்பது நாள் எரிஞ்சுது" என்றாள். "நல்ல மரம். அவ கை கால் எல்லாம் கதகதப்பா இருந்துச்சு. அதை உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

பிறகு மூட்டையை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணு விடாம வெச்சிருக்கேன்னுதான் நெனைக்கறேன். சரி பாத்துக்கோங்க. நீங்க பாத்துச் சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

அப்போதுதான் அவள் எதற்கு வந்தாள் என்று எனக்குப் புரிந்தது. வெளியே ஆரி வண்டியின் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான், ஏற்கனவே கட்டியிருந்ததை.

துண்டுகளை எடுத்து மேஜை மேல் அடுக்கினேன். பதினாலு வருஷமாகப் பார்த்த முகம், எது எங்கே என்று கைக்கே தெரியும். தலைப்பாகை மேலே. நெற்றி. மூக்கு. கன்னங்கள். உதடுகளுக்கு நடுவில் நாக்கு. வலது காது. நேல் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது காது இல்லை. ஜாதிலிங்கம் பூசிய கம்மல் இருந்த காது. துணியை உதறிப் பார்க்கலாம் என்று கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். சனிக்கிழமை எடுத்திருக்கிறாள், நான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத்தான் ஒட்டினேன். நடுவில் ஒன்றரைப் பகல், ஒரு ராத்திரி. வெட்டும்போது எங்காவது தெறித்து விழுந்திருக்கலாம். டாக்டர் சொன்ன மாதிரி நிமோனியாவாக இருக்கலாம்.

மூக்கைக் கொஞ்சம் நகர்த்தி, கன்னத்துப் பாளத்தை அந்த இடத்தின் மேல் ஏற்றி வைத்தேன்.

"எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கு, நேல். ஒண்ணு கூடக் குறையல."

அவள் மூச்சை விட்டாள். எவ்வளவு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சோ. என் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். வண்டி பாலத்தில் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

ஜாதிலிங்கம் என்று எழுதிய இழுப்பறை காலியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் அதில் வாரிப் போட்டுப் பூட்டினேன். பாரெண்ட் நாலு மணிக்கு வந்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டார். நேல் சொல்லிக்கொண்டு போக வந்தாள் என்றேன்.